அடைப்பு இருப்பது குழாயின் சுவருக்குள்

கேள்வி: நாங்கள் பெரம்பூரில் இருக்கிறோம். 58 வயதான அப்பாவுக்கு ஆஞ்சியோ எடுத்ததில் ஓரிடத்தில் 70 சதவீதம், இன்னோரிடத்தில் 40 சதவீதம் அடைப்பு என்றார்கள். 70-க்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாட்டின் மூன்றும் தினமும் போடச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றுகிறது: "மாரடைப்புக்குக் காரணம் கொழுப்பே இல்லை, அழற்சிதான். ரசல் ராஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியே 1999-இல் எழுதிவிட்டார். கொலஸ்ட்ரால் மாத்திரை வீண்." அப்பா மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறார். ராஸ் உண்மையில் என்ன சொன்னார்? மாத்திரையால் அடைப்பு கரையுமா?

பதில்: முதலில் அப்பாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மூன்றில் எதையும் அவராக நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்த பிறகு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் இதய மருத்துவர் சொல்லாமல் நின்றுபோனால், ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து பெரிய மாரடைப்பு வரலாம். அட்டார்வாஸ்டாட்டினை ஏன் விடக் கூடாது என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும்.

வீடியோவில் பாதி உண்மை. 1999 ஜனவரியில் ராஸ் அப்படியொரு கட்டுரை எழுதியது நிஜம். தமனித் தடிப்பு நோய், அதாவது இந்த அடைப்பு நோய், ஓர் அழற்சி நோய் என்பதுதான் அதன் தலைப்பும். அழற்சி என்றால் உடலின் காவல் செல்கள் திரண்டு வந்து காட்டும் எதிர்வினை. ஆனால் அதே கட்டுரையில், தமனியின் உள்பக்கச் செல்களைக் கெடுக்கும் காரணங்களை வரிசையாகச் சொல்லும்போது அவர் முதலில் வைப்பது எதைத் தெரியுமா? ரத்தத்தில் கூடிப்போன, தன்மை மாறிப்போன எல்.டி.எல். கொலஸ்ட்ராலை. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் எல்லாம் அதற்கு அடுத்துதான் வருகின்றன. தலைப்பை மட்டும் படித்துவிட்டு உள்ளே இருப்பதற்கு நேர்மாறாகப் பேசுகிறார்கள். மாத்திரை நிற்கும் அளவுக்குப் போவதால் எனக்கு இதில் கோபமே வருகிறது.

ராஸ் சொன்னது புரிய வேண்டுமானால், அடைப்பு என்றதும் நம் மனதில் வரும் படத்தை முதலில் மாற்ற வேண்டும். மெட்ரோ வாட்டர் குழாய்க்குள் உப்பும் துருவும் படிந்து தண்ணீர் குறைவதைப் போலத்தான் பலரும் இதை நினைத்துக்கொள்கிறார்கள். டாக்டர்களே அவசரத்தில் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். இரும்புக் குழாய்க்கு உயிர் கிடையாது. தமனிக்கு உண்டு. அதன் சுவரில் மூன்று அடுக்குகள். ரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரே ஒரு செல் கனமுள்ள உட்படலம், எண்டோதீலியம் என்பார்கள். நடுவில் மென்தசைச் செல்கள், குழாயைச் சுருக்கி விரிப்பவை. வெளியே ஒரு போர்வை. அடைப்பு என்று நாம் சொல்வது அந்த உட்படலத்துக்கு அடியில், சுவருக்குள்ளேயே வளர்கிறது. மருத்துவக் கல்லூரிகளின் நோய்க்குறியியல் அருங்காட்சியகத்தில், ஃபார்மலின் ஜாடிக்குள் நெடுக்காகப் பிளந்து வைத்த மகாதமனியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். அந்த மஞ்சள் திட்டைச் சுரண்டி எடுத்துவிட முடியாது. சுவரையே வெட்டினால்தான் வரும்.

அங்கே அதைக் கட்டியது யார் என்பதுதான் ராஸ் தன் வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்வி.

அவர் பல் மருத்துவம் படித்தவர். 1955-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டம் வாங்கிவிட்டு, சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சிக்குப் போனார். அங்கே எடுத்துக்கொண்ட விஷயம் இதயமே இல்லை. காயம் எப்படி ஆறுகிறது என்பது. தோலில் வெட்டுப்பட்டால் தட்டணுக்கள் (பிளேட்லெட்) வந்து ஒட்டுகின்றன, வெள்ளை அணுக்கள் வந்து சுத்தம் செய்கின்றன, பிறகு நார்ச்செல்கள் பெருகி கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைச் சுரந்து தழும்பாக மூடுகின்றன. இதையெல்லாம் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படிப்படியாகப் பார்த்துப் பழகிய கண் அது. அந்தக் கண்ணோடு தமனித் திட்டைப் பார்த்தபோது அங்கேயும் அதே ஆட்கள் இருப்பதைக் கண்டார்: பெருகிய செல்கள், அவை சுரந்த கொலாஜன், வெள்ளை அணுக்கள். ஒரு வித்தியாசம், நார்ச்செல் செய்யும் வேலையை இங்கே மென்தசைச் செல் செய்துகொண்டிருந்தது. நடு அடுக்கில் அடக்கமாக இருக்க வேண்டிய செல் உள்ளடுக்குக்கு ஏறிவந்து, பெருகி, நாரும் சுரந்துகொண்டிருந்தது. அதை ஏற்றிவிட்டது எது?

இதற்கு அவர் செய்த சோதனையை நான் எத்தனையோ மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், இன்னும் சலிக்கவில்லை. குரங்கின் தமனியிலிருந்து எடுத்த மென்தசைச் செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்தார்கள். செல்கள் வளர சீரம் ஊற்றுவது வழக்கம். ரத்தத்தை உறையவிட்டு, கட்டியை நீக்கினால் மிஞ்சும் தெளிந்த நீர்தான் சீரம். அதை ஊற்றினால் செல்கள் நன்றாகப் பெருகின. உறைவதற்கு முன்பே எல்லா அணுக்களையும் தட்டணுக்களையும் பிரித்தெடுத்துவிட்டு, வெறும் பிளாஸ்மாவிலிருந்து சீரம் தயாரித்து ஊற்றினால், செல்கள் உயிரோடு இருந்தனவே தவிரப் பெருகவில்லை. சத்து இரண்டிலும் ஒன்றுதான். அந்தப் பிளாஸ்மாச் சீரத்தோடு தட்டணுக்களின் சாரத்தை மட்டும் சேர்த்தபோது செல்கள் மறுபடி பெருகத் தொடங்கின. ஆக, ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் வெளியிடும் ஏதோ ஒரு பொருள்தான் மென்தசைச் செல்லைப் பார்த்து "பெருகு" என்கிறது. ஜான் கிளாம்செட், லாரன்ஸ் ஹார்க்கர் முதலியவர்களோடு சேர்ந்து ராஸ் இதை 1974-இல் வெளியிட்டார். அந்தப் பொருளுக்குப் பின்னால் பி.டி.ஜி.எஃப். என்று பெயர் வந்தது, தட்டணுவிலிருந்து வரும் வளர்ச்சிக் காரணி.

டெங்கு காலத்தில் "பிளேட்லெட் எவ்வளவு?" என்று சென்னையில் கேட்காத வீடு கிடையாது. ரத்தம் உறைய வைப்பது மட்டுமே அதன் வேலை என்று நினைக்கிறோம். காயம்பட்ட இடத்துக்கு, ஆற்றத் தொடங்கு என்ற கட்டளையையும் அதுதான் கொண்டுபோகிறது. 1983-இல் இன்னோர் ஆச்சரியம்: குரங்குகளுக்குப் புற்று உண்டாக்கும் ஒரு வைரஸின் மரபணு, இந்த பி.டி.ஜி.எஃப். புரதத்தின் நகலையே செய்கிறது என்று தெரிந்தது. தமனி ஆய்வு, புற்றுநோய் ஆய்வின் கதவையும் திறந்துவிட்டது. இதே காரணியைக் களிம்பாக்கி, ஆறாத சர்க்கரைப் புண்ணுக்குப் போடும் மருந்தும் 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இதன்மேல் ராஸ் கட்டிய கொள்கை, காயத்துக்கு எதிர்வினை என்பது. உட்படலம் எங்கோ சிதைகிறது, தட்டணு ஒட்டுகிறது, மென்தசைச் செல் ஏறிவந்து ஆற்றப் பார்க்கிறது, காயம் ஓயாமல் தொடர்வதால் ஆறும் வேலையே நோயாகிறது. அழகான கொள்கை. ஆனால் தொடக்கப் படி அப்படியே நிற்கவில்லை; அதைத் திருத்தியதும் ராஸின் ஆய்வகம்தான். கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்த குரங்குகளின் தமனியை அவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்துப் பார்த்தார்கள். முதல் மாற்றம் நடக்கும்போது உட்படலம் கிழியவே இல்லை. முழுசாக இருந்த அதன்மேல் மோனோசைட் என்ற வெள்ளை அணுக்கள் ஒட்டி, செல்களுக்கு இடையே நுழைந்து, அடியில் போய்க் கொழுப்பை விழுங்கி உப்பியிருந்தன. தட்டணுக்கள் வருவது வெகுநாள் கழித்துத்தான். 1984-இல் இதை வெளியிட்டு, தன் கொள்கையையும் மாற்றி எழுதினார் ராஸ். காயம் என்றால் கிழிசல் என்று பொருளில்லை. உயிரோடு இருக்கும் செல் தன் குணம் மாறி, ஒட்டக் கூடாததை ஒட்டவிடுவதும் காயமே. 1986, 1993, 1999 என்று அவர் இந்தச் சித்திரத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தார். 1999 கட்டுரை அதன் கடைசி வடிவம். அதே ஆண்டு மார்ச்சில் அவர் காலமானார்.

குணம் மாறிய செல் எதை வைத்து வெள்ளை அணுவைப் பிடிக்கிறது என்பதை பாஸ்டனில் கிம்ப்ரோன், சிபுல்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் 1991-இல் காட்டினார்கள். கொழுப்புணவு கொடுத்த முயல்களின் உட்படலச் செல்கள், வழக்கமாக வெளிக்காட்டாத ஓர் ஒட்டுப்புரதத்தை வெளியே நீட்டியிருந்தன. அதிலும் எல்லா இடத்திலும் இல்லை. தமனி கிளை பிரியும் இடங்களில், ரத்தம் சுழித்துத் தடுமாறும் இடங்களில்தான் செல்கள் எளிதில் இப்படி மாறுகின்றன. நேராக, சீராக, வேகமாக ரத்தம் ஓடும் இடத்தில் அந்த உராய்வே செல்லை அமைதியாக வைத்திருக்கிறது. உடல் முழுக்க ஒரே ரத்தம், ஒரே கொலஸ்ட்ரால். அப்பாவுக்கு ஏன் குறிப்பிட்ட இரண்டு இடத்தில் மட்டும் அடைப்பு என்பதற்கு இது பெரும்பாலும் விடை. பெசன்ட் நகரில் காலையில் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அமைத்து நடக்கச் சொல்கிறார்களே, அதன் பயன் எடை குறைவதோடு நிற்பதில்லை. வேகமாக நடக்கும்போது கூடும் ரத்த ஓட்டம் உட்படலத்தைத் தேய்த்துக்கொண்டு போவது அந்தச் செல்களுக்கே மருந்து.

இப்போது கொழுப்புக்கும் அழற்சிக்கும் வருவோம். இது நம் காலத்துச் சண்டை இல்லை. 1850-களிலேயே ஜெர்மனியில் ஃபிர்ஷோ என்ற நோய்க்குறியியல் அறிஞர் தமனித் திட்டை அழற்சி என்றே விவரித்தார். 1913-இல் ரஷ்யாவில் அனிச்கோவ் என்ற இளம் மருத்துவர் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கலந்து கொடுத்து, தமனியில் திட்டு வரவழைத்துக் காட்டினார். இரு கட்சிகளும் பல பத்தாண்டுகள் தனித்தனியே நின்றன. அவற்றை ஒன்று சேர்த்தது செல் உயிரியல்தான்.

எல்.டி.எல். துகள் உட்படலத்துக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொள்கிறது, அங்கே ஆக்ஸிஜனேற்றத்தால் தன்மை மாறுகிறது. நம் செல்கள் தன்மை மாறாத எல்.டி.எல்.லை ஓர் ஏற்பி (செல்லின் மேலிருந்து அதைப் பிடித்து இழுக்கும் புரதம்) வழியாக அளவோடுதான் எடுக்கும். போதுமானது வந்ததும் அந்த ஏற்பியைக் குறைத்துக்கொள்ளும். டெக்சாஸின் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் இந்த ஏற்பியைக் கண்டுபிடித்துத்தான் 1985-இல் நோபல் பரிசு வாங்கினார்கள். தன்மை மாறிய எல்.டி.எல்.லை மேக்ரோஃபேஜ் செல் (சுவருக்குள் நுழைந்த மோனோசைட் மாறி வருவது) வேறொரு வழியாக விழுங்குகிறது என்பதையும் அவர்களே காட்டினார்கள். அந்த வழிக்கு "போதும்" என்பதே கிடையாது. விழுங்கி விழுங்கி, நுண்ணோக்கியில் நுரை நுரையாகத் தெரியும் அளவுக்கு உப்பிப்போகிறது. அதனால்தான் நுரைச்செல் என்று பெயர். கொழுப்பு இன்னும் மிஞ்சினால் அது படிகமாகிறது. ஊசி ஊசியான அந்தப் படிகங்கள் செல்லுக்குள் ஓர் எச்சரிக்கை இயந்திரத்தைத் தட்டிவிடுகின்றன என்று 2010-இல் தெரியவந்தது. அந்த இயந்திரம் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதத்தை வெளியிடுகிறது. அழற்சியை மூட்டிவிடும் புரதங்களில் முக்கியமானது அது.

அதாவது அழற்சியைத் தொடங்கிவைப்பதே இடம் மாறிச் சிக்கிய கொழுப்புதான். "கொழுப்பு இல்லை, அழற்சி" என்ற பேச்சு இந்த இடத்தில் உடைந்துபோகிறது.

அழற்சி தன் பங்குக்குத் தனியாகவும் கேடு செய்கிறது என்பதும் நிரூபணமாகிவிட்டது. 2017-இல் வெளிவந்த ஒரு பெரிய சோதனையில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேரை எடுத்துக்கொண்டார்கள். இன்டர்லூக்கின்-1 பீட்டாவை மட்டும் கட்டிப்போடும் கனகினுமாப் என்ற ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டார்கள். எல்.டி.எல். இம்மியும் குறையவில்லை, ஆனாலும் 150 மில்லிகிராம் அளவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. ராஸின் கடைசிக் கட்டுரைக்கு மனிதரில் கிடைத்த சான்று இது. ஆனால் அவர்கள் பெரும்பாலும் ஸ்டாட்டினை, அதாவது அட்டார்வாஸ்டாட்டின் வகை மாத்திரையை, தொடர்ந்துகொண்டே இந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள் என்பதை வீடியோக்காரர்கள் சொல்வதில்லை. கிருமித்தொற்றால் இறந்தவர்கள் ஊசிப் பக்கம் கூடுதலாக இருந்தார்கள். உடலின் காவலைத் தளர்த்தினால் அது நடக்கும். அந்த ஊசி இதயநோய்க்கு நடைமுறைக்கு வரவில்லை.

அழற்சியைத் தணிக்கும், அதைவிட மலிவான இன்னொரு மருந்து கொல்கிசின். 2020-இல் 5,522 நாள்பட்ட இதயத்தமனி நோயாளிகளிடம் தினம் அரை மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில் இதய நிகழ்வுகள் 31 சதவீதம் குறைந்தன. மாரடைப்பு வந்த கையோடு கொடுத்துப் பார்த்து 2024-இல் வெளிவந்த பெரிய சோதனையில் பலன் தெரியவில்லை. எனவே யாருக்குக் கொடுப்பது என்பது இன்னும் மருத்துவர் எடைபோட வேண்டிய விஷயம். இதை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கொல்கிசின் இருப்பது நம் மாநிலப் பூவான செங்காந்தளில், கண்வலிக் கிழங்குச் செடியில். ஒட்டன்சத்திரம், தாராபுரம் பக்கம் அதன் விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். நாளைக்கே "இயற்கை மருந்து" என்று யாராவது கிழங்கை அரைத்துக் குடிக்கச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அது உயிரைக் கொல்லும் விஷம். மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு.

சரி, அடைப்பு கரையுமா?

ஆஞ்சியோ காட்டுவது ரத்தம் ஓடும் பாதையின் நிழலை மட்டும். சுவருக்குள் இருப்பதை அது காட்டாது. சிகாகோவின் கிளாகோவ் 1987-இல் ஒன்றைக் காட்டினார்: திட்டு வளரும்போது தமனி முதலில் வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. சுவரின் உள்ளளவில் 40 சதவீதத்தைத் திட்டு பிடித்த பிறகுதான் பாதை சுருங்கவே தொடங்குகிறது. எனவே நிழலில் சின்னதாகத் தெரிவது உள்ளே பெரிதாக இருக்கலாம். மாரடைப்பு பெரும்பாலும் பாதை மெல்ல மெல்லச் சுருங்கி மூடுவதால் வருவதும் இல்லை. திட்டின்மேல் மென்தசைச் செல்கள் கொலாஜனால் நெய்த ஒரு மூடி இருக்கும். உள்ளே இருக்கும் மேக்ரோஃபேஜ்கள் அந்தக் கொலாஜனைக் கரைக்கும் நொதிகளைக் கக்குகின்றன. மூடி மெலிந்து வெடித்தால் உள்ளிருக்கும் கொழுப்பு ரத்தத்தைத் தொடுகிறது, நிமிடங்களில் உறைகட்டி வந்து அடைக்கிறது. இறந்தவர்களின் தமனிகளை ஆயிரக்கணக்கில் ஆராய்ந்த, இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் நோய்க்குறியியல் அறிஞர் ரேணு விர்மானி, வெடிக்கும் மூடி பெரும்பாலும் 65 மைக்ரானுக்கும் மெல்லியது என்று அளந்து சொன்னார். தலைமுடியின் கனத்துக்கும் குறைவு.

எனவே அப்பாவின் அந்த 40 சதவீத இடத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். 70 இருந்த இடத்துக்கு ஸ்டென்ட் இருக்கிறது. 40 இருக்கும் இடத்துக்கு மாத்திரை மட்டுமே காவல்.

இங்கேதான் ராஸின் மென்தசைச் செல்லுக்கு மறுபக்கமும் உண்டு என்பது தெரிகிறது. குழாயை அடைக்க வந்த குற்றவாளி போல அதைப் பேசினோம். மூடியை நெய்து நம்மைக் காப்பதும் அதுவே. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில், மென்தசைச் செல்லுக்கு அழியாத மரபணு அடையாளம் போட்டு அதன் வழித்தோன்றல்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். திட்டுக்குள் மேக்ரோஃபேஜ் என்று நாம் எண்ணிய செல்களில் ஒரு பகுதி வேடம் மாறிய மென்தசைச் செல்கள்தான். சூழல் கெட்டால் கொழுப்பை விழுங்குகிறது, சூழல் நன்றாக இருந்தால் மூடியை நெய்கிறது. ஸ்டென்டிலும் இதே செல்தான் பிரச்சினை செய்தது. மருந்து பூசாத பழைய ஸ்டென்டுகளுக்குள் அது பெருகி மறுபடி அடைத்தது. இப்போதைய ஸ்டென்டுகளின்மேல் சிரோலிமஸ் வகை மருந்தைப் பூசுவது அந்தப் பெருக்கத்தை நிறுத்தத்தான். ஆனால் அதே மருந்து உட்படலம் மூடிவருவதையும் தாமதப்படுத்துகிறது. உலோகம் ரத்தத்துக்குத் தெரியும் அந்த மாதங்களில் தட்டணு ஒட்டாமல் பார்ப்பது ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும்.

அட்டார்வாஸ்டாட்டின் கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கிறது. குறைந்ததும் கல்லீரல் செல்கள் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் கண்ட அந்த ஏற்பியை அதிகமாக வெளியே நீட்டி, ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கின்றன. சுவருக்குள் நுழைவது குறைகிறது, படிகம் குறைகிறது, அழற்சி தணிகிறது, மூடி தடிக்கிறது. இதே வகையைச் சேர்ந்த சிம்வாஸ்டாட்டினை 4,444 இதயநோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 1994-இல் வந்தது. இறப்பு 30 சதவீதம் குறைந்தது. நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு உடனே முதல் மாத்திரைகளைக் கொடுக்கும் தமிழக அரசின் "இதயம் காப்போம்" திட்டத்திலும் (2023) இருப்பவை அப்பா போடும் இதே மூன்றுதான்.

திட்டின் அளவு மட்டும் அதிகம் மாறாது. ரோசுவாஸ்டாட்டினை 40 மில்லிகிராம் என்ற உச்ச அளவில் இரண்டு ஆண்டு கொடுத்து, தமனிக்குள்ளேயே அல்ட்ராசவுண்ட் விட்டு அளந்த 2006 ஆய்வில், சுவரில் திட்டு பிடித்திருந்த பங்கு குறைந்தது சுமார் ஒரு சதவீதப் புள்ளிதான். அடுத்த ஆஞ்சியோவில் அந்த இடம் மறுபடி 40 என்றே வந்தால் "மாத்திரை வேலை செய்யவில்லை" என்று அப்பா முடிவு கட்டிவிடக் கூடாது. மாறியிருப்பது அந்தப் படத்தில் தெரியாது. பார்க்க வேண்டிய எண் எல்.டி.எல். ஸ்டென்ட் வைத்தவருக்கு அது (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில்) 70 மில்லிகிராமுக்கும் கீழே, பல வழிகாட்டுதல்களின்படி 55-க்கும் கீழே இருக்க வேண்டும். வரவில்லை என்றால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையான எசெடிமைப் சேர்க்கலாமா என்று கேளுங்கள். தசைவலி இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றிக் கொடுக்க வழி உண்டு.

கடைசியாக உங்களுக்கு. 2001-இல் வெளிவந்த சென்னை நகர மக்கள்தொகை ஆய்வில், பரிசோதித்த பெரியவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதயத்தமனி நோய் இருந்தது. கொரியப் போரில் இறந்த சராசரி 22 வயதுப் படைவீரர்களின் இதயத்தைத் திறந்து பார்த்து 1953-இல் எழுதினார்கள். முக்கால்வாசிப் பேருக்குத் தமனியில் நோய் தொடங்கிவிட்டிருந்தது. உங்கள் வயதை நீங்கள் சொல்லவில்லை. எத்தனையாக இருந்தாலும், உடன்பிறந்தவர்களையும் கூட்டிக்கொண்டு போய் லிபிட் பரிசோதனையும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். முடிந்தால் லிப்போபுரோட்டீன்-ஏ (எல்.டி.எல். போலவே கொலஸ்ட்ராலைச் சுமக்கும் இன்னொரு துகள்) பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறை எடுங்கள். அது பெரும்பாலும் பிறவியிலேயே தீர்மானமாகும் அளவு. வழக்கமான லிபிட் பரிசோதனையில் வராது, தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும்.